உளவியல் சோதனை மதிப்பெண்களைப் பொருள்கொள்ளுதல்: நடைமுறை வழக்குகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உளவியல் சோதனையில் ஒருவர் பெறும் மதிப்பெண் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அது எக்குழுவோடு ஒப்பிடப்படுகிறது, எவ்வளவு பிழையைத் தன்னுள் கொண்டுள்ளது, எம்மொழியில் கேட்கப்பட்ட வினாவுக்குக் கிடைத்த விடை என்னும் மூன்றையும் சேர்த்தே அதனைப் படித்தல் வேண்டும். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்கான சமூக ஈவு, தமிழாக்கம் செய்யப்பட்ட வினாநிரல்களில் எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண் இடும் முறை, கல்வியியல் ஆய்வேடுகளில் வழங்கும் உயர்வு–நடுத்தரம்–தாழ்வு என்னும் மூவகைப் பகுப்பு ஆகிய மூன்று இடங்களில் இவை எவ்வாறு கைவிடப்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நுண்ணறிவு ஈவு, சமூக ஈவு, அளவீட்டுத் திட்டப்பிழை, எதிர்மறைக் கூற்று, திட்ட விலக்கம், ஆய்வேடு.

முன்னுரை

தமிழகத்தின் கல்வியியல், உளவியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளுள் மிகப் பல, ஏதேனும் ஓர் உளவியல் அளவுகோலைக் கையாள்கின்றன. மனவெழுச்சி நுண்ணறிவு, தேர்வுப் பதற்றம், தன்மதிப்பு, கற்றல் ஊக்கம், பணிநிறைவு என அளக்கப்படும் பொருள்கள் மாறினாலும் அளக்கும் முறை பெரிதும் மாறுவதில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் இயலுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. நம்பகம், ஏற்புடைமை பற்றிய இலக்கணங்கள் எழுதப்படுகின்றன. ஆனால் கிடைத்த மதிப்பெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. எண்ணைக் கண்டவுடன் அட்டவணையும் அட்டவணையைக் கண்டவுடன் முடிவும் பிறந்துவிடுகின்றன.

ஆய்வேட்டில் இது ஒரு கல்விப்புலக் குறையாக மட்டும் நின்றுவிடக்கூடும். அதே பழக்கம் மருத்துவக் குழுவின் மேசைக்குச் செல்லும்போது ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கிறது. ஆகவே இரண்டையும் ஒருசேர நோக்குவது பொருத்தமுடையது.

மதிப்பெண் என்னும் ஒப்பீடு

பிரெஞ்சு நாட்டின் கல்வி அமைச்சகம் 1904 இல் அமைத்த குழுவின் பணியோடு தொடர்புடையது ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் 1905 இல் வெளியிட்ட அளவுகோல். வழக்கமான வகுப்பறையில் பயன்பெற இயலாத பிள்ளைகளை இனங்காண்பதே அதன் நோக்கம். அதில் இருந்தவை 30 செயல்கள். 1908 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்செயல்கள் வயதுவாரியாக அடுக்கப்பட்டன. மனவயது என்னும் கருத்து அங்கிருந்தே வலுப்பெற்றது. பினே தம் அளவுகோலை மாறா இயல்பொன்றை அளக்கும் கருவியாகக் கருதவில்லை. நுண்ணறிவை உயர்த்த இயலாது என்று வாதிட்டோரை 1909 இல் எழுதிய நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கெனப் பயிற்சி முறையொன்றையும் முன்மொழிந்தார். அளவுகோல் கடல் கடந்தபோது இந்த எச்சரிக்கை உடன் செல்லவில்லை.

மனவயதைக் கால வயதால் வகுக்கும் முறையை 1912 இல் வில்லியம் ஸ்டெர்ன் முன்வைத்தார். அதனை 100 ஆல் பெருக்கி, 1916 இல் ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனையில் நிலைபெறச் செய்தவர் லூயிஸ் டெர்மன். இந்த ஈவு எளிதில் விளங்குவது. அதன் கவர்ச்சியும் அதுவே. எட்டு வயது மனவயதுடைய பத்து வயதுப் பிள்ளைக்கு 80. நான்கு வயது மனவயதுடைய ஐந்து வயதுப் பிள்ளைக்கும் 80. ஆயினும் இவ்விரு 80 களும் ஒன்றல்ல. ஒவ்வொரு வயதிலும் பிள்ளைகளின் மனவயது எவ்வளவு விரிந்து பரவியுள்ளது என்பதைப் பொறுத்தே ஒருவர் தம் வயதினருள் எவ்விடத்தில் நிற்கிறார் என்பது அமையும். பரவல் அகன்ற வயதில் 80 என்பது சாதாரணம். பரவல் குறுகிய வயதில் அதே எண் அரிதானது. பெரியவர்களைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் வெளிப்படை. முப்பது வயதினரின் மனவயதை முப்பதால் வகுத்தால் எல்லோரும் அறிவில் குன்றியவராகிவிடுவர். ஆகவே டெர்மன் 16 ஐ உச்ச வகுஎண்ணாகக் கொள்ள நேர்ந்தது. அது தீர்வன்று, ஓர் ஒட்டு.

டேவிட் வெக்ஸ்லர் 1939 இல் இந்தக் கணக்கையே மாற்றினார். ஒருவரின் மதிப்பெண்ணை அவருடைய வயதுக் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று கணக்கிட்டு, சராசரியை 100 ஆகவும் திட்ட விலக்கத்தை 15 ஆகவும் அமைத்தார். 1960 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனையும் இம்முறைக்கு மாறியது. ஆனால் அதன் திட்ட விலக்கம் 16. இதன் விளைவை மாணவர்க்குக் கரும்பலகையில் காட்டுவது எளிது: சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் கீழே நிற்கும் ஒருவர் ஒரு சோதனையில் 70, மற்றொன்றில் 68. திறன் மாறவில்லை, அளவுகோலின் அலகு மாறியது. எனவே 'நுண்ணறிவு ஈவு 70' என்று எழுதிவிட்டுச் சோதனையின் பெயரை எழுதாத அறிக்கை, தொலைவை எழுதி அலகை எழுதாத அறிக்கைக்கு ஒப்பானது.

ஈவு என்னும் சொல் வெக்ஸ்லருக்குப் பின்னும் நீடித்தது, வகுத்தல் மறைந்துவிட்டது. நம் பாடநூல்களில் இன்றும் மனவயது வகுத்தல் கால வயது என்னும் வாய்பாடே முதலிடம் பெறுவதால், வகுக்கப்படாத எண்ணை வகுத்துக் கிடைத்த எண்ணாக மாணவர் புரிந்துகொள்கின்றனர்.

இந்தியாவில் வகுத்தல் மறையவும் இல்லை. வி. வி. காமத் 1930 களில் பம்பாய் மாகாணத்தின் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளைக் கொண்டு தரப்படுத்திய பினே–காமத் சோதனை மனவயது முறையிலேயே அமைந்தது. பல தலைமுறைகளாக இந்திய மருத்துவ உளவியலாளர்களின் கைக்கருவியாக இருந்து வந்துள்ளது. அதன் முன்னோடிப் பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் ஒப்பீட்டுக் குழு எது என்னும் வினா எஞ்சுகிறது. அமெரிக்காவில் 1932 முதல் 1978 வரை சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1984 இல் காட்டினார். அத்தகைய உயர்வு நிகழ்ந்த இடத்தில் பழைய தரநிலையைக் கொண்டு அளக்கப்படும் பிள்ளை உண்மை நிலையைவிட உயர்வாகத் தெரியும். உதவி தேவைப்படும் பிள்ளை எல்லைக்கு வெளியே தள்ளப்படும். மாறாக, மொழியும் வாழ்சூழலும் வேறான குழுவின் தரநிலையைப் பயன்படுத்தினால் பிள்ளை தாழ்வாகத் தெரியக்கூடும். ஒன்று ஏற்றும், மற்றொன்று இறக்கும். இரண்டும் ஈடுசெய்துகொள்ளும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அறுபத்தொன்பதும் எழுபதும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டை அடிப்படை வரம்பாகக் கொள்கிறது. அரசுப் பணியில் இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் இட ஒதுக்கீடு, 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி ஆகியவை இவ்வரம்பைக் கடந்தோர்க்கே உரியன. அறிவுசார் குறைபாட்டின் விழுக்காட்டைக் கணக்கிட, இந்திய அரசு 2018 ஜனவரியில் அறிவித்த வழிகாட்டுதல், வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி 0 முதல் 20 வரை 100 விழுக்காடு. 21 முதல் 35 வரை 90. 36 முதல் 54 வரை 75. 55 முதல் 69 வரை 50. 70 முதல் 84 வரை 25.

இந்தப் படிநிலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். 55 பெற்றவருக்கும் 69 பெற்றவருக்கும் இடையே பதினான்கு புள்ளி வேறுபாடு. விழுக்காட்டில் வேறுபாடு ஏதுமில்லை. 69 க்கும் 70 க்கும் இடையே ஒரு புள்ளி. விழுக்காடு பாதியாகிறது, நாற்பது என்னும் வரம்பும் இடையில் வீழ்கிறது. சட்டத்தின் கண்ணில் முன்னவர் உரிமையுடையவர், பின்னவர் இல்லை.

அந்த ஒரு புள்ளி எவ்வாறு பிறக்கிறது? இவ்வளவுகோல் எட்கர் டால் 1930 களில் அமெரிக்காவில் உருவாக்கியது. இந்தியாவில் வழங்குவது நாகபுரியில் ஏ. ஜே. மாலின் செய்த தழுவல். பிறப்பு முதல் 15 வயது வரைக்கான 89 உருப்படிகள் கொண்டது. பிள்ளையை நேரில் சோதிப்பதன்று இது. பிள்ளையை நன்கறிந்த ஒருவரிடம், பெரும்பாலும் தாயிடம், கேட்டு நிரப்பப்படுவது. கிடைத்த உருப்படிகளின் கூட்டுத்தொகை சமூக வயதாக மாற்றப்பட்டு, கால வயதால் வகுக்கப்பட்டு, 100 ஆல் பெருக்கப்படுகிறது. வெக்ஸ்லர் கைவிட்ட வகுத்தல் இங்கு உயிரோடிருக்கிறது.

பத்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கொள்வோம். கால வயது 120 மாதம். சமூக வயது 83 மாதமாயின் ஈவு 69; 84 மாதமாயின் 70. ஆறு முதல் எட்டு வயது வரையிலான கட்டத்தில் ஓராண்டுக்கு நான்கைந்து உருப்படிகளே உள்ளன. எனவே ஓர் உருப்படி இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் வரை எடை பெறுகிறது. 82 மாதத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஒரே ஓர் உருப்படி கூடுதலாகக் கிடைத்தால் அது 84 ஐக் கடந்துவிடும். ஆக, வரம்பின் இருபுறத்தையும் பிரிப்பது தாயின் ஒரே ஒரு விடை.

அந்த விடை எத்தகையது? ஏழு வயதை ஒட்டிய கட்டத்தில் டாலின் மூல அளவுகோலில் இடம்பெற்றவற்றுள் உணவு மேசைக் கத்தியைப் பயன்படுத்துவதும், கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையில் இல்லை என்று உணர்வதும் உண்டு. தழுவல் என்னும் பணி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் வெளிப்படையாக அயலானவற்றை நீக்குவது எளிது. வெளிப்படையாகத் தெரியாதவையே இடர் தருகின்றன. தலை வாரிக்கொள்ளுதல் அதே கட்டத்து உருப்படி. நம் வீடுகளில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்கும் பாட்டியோ தாயோதான் பின்னிவிடுகின்றனர். அது பிள்ளையின் இயலாமையன்று. வீட்டின் வழக்கம், பல வேளைகளில் அன்பின் வெளிப்பாடு. அதே வீட்டு ஆண்பிள்ளை ஏழு வயதில் சீப்பைத் தானே எடுத்துக்கொள்கிறான். 'தானாகச் செய்கிறாளா?' என்னும் வினாவுக்குத் தாய் 'இல்லை' என்பார். அவர் சொல்வது மெய். அந்த மெய்க்கு இடப்படும் சுழியம் எதை அளக்கிறது என்பதே கேள்வி. உதவியின்றித் தனியே உறங்கச் செல்லுதல் என்னும் உருப்படியும் இத்தகையதே. ஓரறை வீட்டில் எல்லோரும் ஒருசேரப் பாய் விரிக்கும்போது அவ்வினா பொருளிழக்கிறது.

டால் இதனை அறிந்தே இருந்தார். திறன் இருந்தும் வாய்ப்பு அமையாத நிலைக்கெனத் தனிக் குறியீட்டை அவர் வகுத்திருந்தார். கேள்வி கேட்பவர் துருவிக் கேட்டு, பழக்கத்தையும் திறனையும் வாய்ப்பையும் பிரித்தறிந்து குறித்தாலன்றி அக்கூட்டுத்தொகை நம்பத்தக்கதாகாது என்பதே அதன் உட்கிடை. வரிசையில் பலர் காத்திருக்கும் முகாமில் அவ்வாறு கேட்பதற்கு நேரம் கிடைக்குமா என்பதை நடைமுறை அறிந்தோர் சொல்லட்டும். இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. சான்றிதழின் தேவையை உணர்ந்த பெற்றோர் சிலர் பிள்ளையின் திறனைக் குறைத்துச் சொல்லக்கூடும். பிள்ளையின் குறையை ஊரறியச் சொல்ல விரும்பாத பெற்றோர் கூட்டிச் சொல்லக்கூடும். இருவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவ்விருவகை விடைகளும் அறுபத்தொன்பது, எழுபது என்னும் துல்லிய எண்களாக உருமாறிய பின் அவற்றின் பிறப்பு மறைந்துவிடுகிறது.

எல்லைக்கோடு எங்கேனும் இடப்பட்டாக வேண்டும். எங்கே இட்டாலும் அதன் இருபுறமும் ஒருவர் நிற்பார் என்று நிருவாகத் தரப்பில் வாதிடலாம். அவ்வாதம் வலிமையுடையதே. எல்லையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லை இடுவது வேறு, எல்லையில் நிற்கும் மதிப்பெண்ணைப் பிழையற்றதாகக் கருதுவது வேறு. முன்னது கொள்கை, பின்னது அளவியல் தவறு.

பிழையின் அகலம்

எந்த மதிப்பெண்ணும் ஒரு புள்ளியன்று, ஓர் இடைவெளி என்பதை அளவியல் நூல்கள் தொடக்கப் பாடமாகவே சொல்கின்றன. திட்ட விலக்கத்தை, ஒன்றிலிருந்து நம்பகக் கெழுவைக் கழித்துக் கிடைப்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அளவீட்டுத் திட்டப்பிழை கிடைக்கும். திட்ட விலக்கம் 15, நம்பகக் கெழு 0.91 என்றால் திட்டப்பிழை 4.5. 95 விழுக்காட்டு உறுதியோடு பேச வேண்டுமாயின் 70 என்பதனை ஏறத்தாழ 61 முதல் 79 வரை என்று படிக்க வேண்டும். நம்பகம் 0.96 ஆக உயர்ந்தாலும் இருபுறமும் ஆறு புள்ளி. 0.91 என்பதை 'மிக உயர்ந்த நம்பகம்' என்று எழுதிக் கடந்துபோகும் நம் ஆய்வேடுகள், அதே எண் தனியொருவருக்கு எவ்வளவு பெரிய நிச்சயமின்மையைத் தருகிறது என்று கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

இக்கணக்கு உயிரைத் தீர்மானித்த வழக்கொன்று உண்டு. அறிவுசார் குறைபாடு உடையோர்க்கு மரண தண்டனை விதிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002 இல் அட்கின்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. யார் அத்தகையோர் என்பதை வரையறுப்பது மாநிலங்களிடம் விடப்பட்டது. ஃபுளோரிடா மாநிலம் 70 என்னும் கோட்டை இட்டது; அதற்கு மேல் ஒரு புள்ளி பெற்றாலும் வேறு சான்றுகளைக் காட்டும் வாய்ப்பே இல்லை. ஃப்ரெடி லீ ஹால் என்பவரின் மதிப்பெண்களுள் ஒன்று 71. 2014 இல் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் மையம் அளவீட்டுத் திட்டப்பிழையே: சோதனையை உருவாக்கியவர்களே பிழை உண்டு என்று சொல்லும்போது, அப்பிழை இல்லாதது போல் சட்டம் நடந்துகொள்ள இயலாது என்பது அதன் சாரம். மூன்றாண்டுக்குப் பின் மூர் வழக்கில், 74 என்னும் மதிப்பெண்ணை 69 முதல் 79 வரை என்றே நீதிமன்றம் படித்தது.

அமெரிக்க உளநல மருத்துவக் கழகத்தின் நோயறிதல் கையேடு 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் குறைபாட்டின் தீவிர நிலைகளை நுண்ணறிவு எண்ணால் வரையறுப்பதைக் கைவிட்டு, அன்றாட வாழ்வில் தகவமையும் திறனை அடிப்படையாக்கியது. நம் வழிகாட்டுதல் சமூக முதிர்ச்சியை மையமாக்கியது இந்தத் திசையோடு ஒத்துப்போவதே, பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் நுண்ணறிவு எண்ணின் இடத்தில் மற்றோர் எண்ணை வைத்து, அவ்வெண்ணையும் பிழையின் அகலமின்றிப் படித்தால், மாற்றம் பெயரளவினதாகவே நின்றுவிடும்.

'இல்லை' என்னும் விடை

இனி மொழிக்கு வருவோம். தமிழாக்கம் செய்யப்பட்ட அளவுகோல்களைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் சொற்பொருளோடு நின்றுவிடுகிறது. அதுவும் தேவையே; பதற்றத்தைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடரை அப்படியே பெயர்த்து வயிற்றில் பட்டாம்பூச்சியைப் பறக்கவிட்டால், வயிற்றில் புளியைக் கரைத்துப் பழகிய மாணவருக்கு அது விளங்காது. எனினும் இத்தகைய பிழைகள் கண்ணில் படுவன. முன்னோட்ட ஆய்விலேயே திருத்தப்படக்கூடியன. கண்ணில் படாத ஒன்று உண்டு. அது விடைத்தாளில் அன்று, மதிப்பெண் இடும் திறவுகோலில் நேர்கிறது.

'எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை' என்னும் கூற்றுக்கு ஆம், இல்லை என்னும் இரண்டு கட்டங்கள் தரப்பட்டுள்ளன என்று கொள்வோம். திறவுகோல் 'ஆம்' என்பதற்கு 1, 'இல்லை' என்பதற்கு 0 என்று சொல்லும். உறக்கமின்றித் தவிக்கும் மாணவர் எதைக் குறிப்பார்? கூற்று தமக்குப் பொருந்துகிறது என்று எண்ணினால் 'ஆம்'. கூற்றின் எதிர்மறையோடு ஒத்திசைந்து 'இல்லை, வருவதில்லை' என்று எண்ணினால் 'இல்லை'. தமிழ்ப் பேச்சில் இரண்டும் இயல்பே. 'சாப்பிடவில்லையா?' என்று கேட்டால், பசித்திருப்பவர் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்றும் சொல்வார். 'இல்லை, சாப்பிடவில்லை' என்றும் சொல்வார். கேட்பவருக்குக் குழப்பமில்லை, ஏனெனில் தொடர்ந்து வரும் வினைமுற்று ஐயத்தை நீக்கிவிடுகிறது. வினாநிரலின் கட்டத்தில் அந்த வினைமுற்றுக்கு இடமில்லை.

ஆங்கிலத்தில் இச்சிக்கல் ஓரளவே உண்டு; தமிழில் இது இரட்டிப்பாகக் காரணம், 'இல்லை' என்பது மறுப்பு விடையாக மட்டுமின்றி எதிர்மறை வினைமுற்றின் உறுப்பாகவும் நிற்பது. 'வருவதில்லை' என்று முடியும் கூற்றின் கடைசி ஒலியையே விடைக்கட்டம் எதிரொலிக்கிறது. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுத்தது. அவற்றுள் மறையும் நேரும் இரண்டு மட்டுமே. வினாநிரல் அந்த எட்டில் இரண்டையே அனுமதிக்கிறது. எதிர்மறைக் கூற்றில் அவ்விரண்டும்கூட ஒன்றையொன்று தழுவிவிடுகின்றன. வினாநிரல் வடிவமைப்போர் நம் இலக்கண நூல்களின் வினா–விடைப் பகுதியைப் படிப்பது வீண்வேலையாகாது.

கால அளவைக் கேட்கும் விடைவரிசையில் நிலைமை மேலும் மோசம். 'எனக்குக் கோபம் வருவதில்லை' என்னும் கூற்றுக்கு எதிரே 'எப்போதும், சில நேரங்களில், ஒருபோதும் இல்லை' என்று தந்தால், சாந்தமான மாணவர் 'எப்போதும்' என்பதைக் குறிக்க வேண்டும் என்று திறவுகோல் எதிர்பார்க்கிறது. அவர் 'ஒருபோதும் இல்லை' என்பதைக் குறித்துச் சினமிக்கவராக அட்டவணையில் ஏறுகிறார்.

இதன் பின்விளைவு அளவியல் அட்டவணையில் தெளிவாகவே தெரியும்; ஆனால் தவறாகப் படிக்கப்படும். இருதிசையில் புரிந்துகொள்ளப்பட்ட கூற்று, மொத்த மதிப்பெண்ணோடு மிகக் குறைந்த தொடர்பையே காட்டும். கிரான்பாக் ஆல்பாவையும் கீழிழுக்கும். ஆய்வாளர் அதனைத் 'தகுதியற்ற உருப்படி' என்று நீக்கிவிடுவார். ஒவ்வொன்றாக எதிர்மறைக் கூற்றுகள் நீங்கியபின் எஞ்சுவது நேர்மறைக் கூற்றுகள் மட்டுமே கொண்ட, எதற்கும் தலையசைக்கும் மாணவரை உயர்வாகக் காட்டும் அளவுகோல். ஆல்பா உயர்ந்திருக்கும், ஏற்புடைமை தாழ்ந்திருக்கும். எதிர்மறைக் கூற்றுகளுக்குத் தலைகீழாக மதிப்பெண் இட மறந்துவிட்ட ஆய்வேட்டிலும் இதே அறிகுறிதான் தோன்றும் என்பதால், இரண்டில் எது நேர்ந்தது என்று அட்டவணையை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. 'பொருந்தும், பொருந்தாது' என்னும் விடைச்சொற்களைத் தந்தால் குழப்பம் பெரிதும் குறையும். எதிர்மறையை வினைமுற்றில் வைக்காது 'தூக்கம் கெடுகிறது' என்பது போல் உடன்பாட்டு வடிவில் எழுதுவது அதைவிட நன்று.

மூன்று குழுக்கள்

ஆய்வேடுகளில் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கத்தை இறுதியாக நோக்கலாம். மாணவர் மதிப்பெண்களின் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடப்படுகின்றன. சராசரியோடு ஒரு திட்ட விலக்கத்தைக் கூட்டிக் கிடைப்பதற்கு மேல் உள்ளோர் 'உயர்வு', கழித்துக் கிடைப்பதற்குக் கீழ் உள்ளோர் 'தாழ்வு', இடைப்பட்டோர் 'நடுத்தரம்'. பின்னர் 'மாணவர்களுள் பெரும்பான்மையோர் நடுத்தர அளவிலான மனவெழுச்சி நுண்ணறிவு உடையவர்கள்' என்பது ஆய்வின் முதல் கண்டுபிடிப்பாக எழுதப்படுகிறது.

இது கண்டுபிடிப்பன்று. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலை ஒட்டி அமைந்தால் இப்பகுப்பு எப்போதும் ஏறத்தாழ 16, 68, 16 விழுக்காடு என்றே விழும். 300 மாணவர் என்றால் 48, 204, 48 என்னும் எண்களை வினாநிரல் வழங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிடலாம். எல்லா மாணவர்க்கும் இருபது மதிப்பெண் கூட்டிப் பாருங்கள்: சராசரி இருபது உயரும், திட்ட விலக்கம் அசையாது, ஒருவர்கூடக் குழு மாறமாட்டார். எல்லோருடைய மதிப்பெண்ணையும் பாதியாக்குங்கள்: அப்போதும் அதே 48, 204, 48. மாநிலத்திலேயே மிகச் சிறந்த பள்ளியில் அளந்தாலும் பதினாறு விழுக்காட்டினர் 'தாழ்வு'. மிகவும் பின்தங்கிய பள்ளியில் அளந்தாலும் பதினாறு விழுக்காட்டினர் 'உயர்வு'. மாணவர்களைப் பற்றி எதுவும் சொல்லாத கணக்கு இது. ஆனால் பரிந்துரை இயலில், தாழ்ந்த நிலையிலுள்ள அந்தப் பதினாறு விழுக்காட்டினர்க்கு அரசு ஆலோசனை வகுப்புகள் நடத்த வேண்டும் என்று எழுதப்படுகிறது. எந்த அரசு எவ்வளவு நடத்தினாலும் மறு ஆய்வில் அதே பதினாறு விழுக்காடு மீண்டும் வந்து நிற்கும்.

இப்பிழையின் வேர், ஒப்பீட்டுக் குழுவும் அளக்கப்படும் குழுவும் ஒன்றாக இருப்பதே. வெக்ஸ்லர் செய்ததும் சராசரி, திட்ட விலக்கக் கணக்குத்தான்; ஆனால் அவர் பயன்படுத்தியது வேறொரு பெரிய, தரப்படுத்தப்பட்ட குழுவின் சராசரி. அளக்கப்படும் மாணவர்களையே அளவுகோலாகவும் கொண்டால், துணியைக் கொண்டே முழக்கோலை அளந்ததாகிறது.

குழுக்களைப் பிரிக்காவிடில் அட்டவணை எவ்வாறு அமைப்பது என்று நெறியாளர் சிலர் கேட்பதுண்டு. உயர்வு, தாழ்வு என்று சொல்லியே ஆக வேண்டுமாயின் கருவியின் கையேட்டிலுள்ள தரநிலையைப் பயன்படுத்தலாம். அத்தரநிலை எந்த ஆண்டு, எந்தக் குழுவிடம் பெறப்பட்டது என்பதையும் உடன் எழுதலாம். கையேட்டில் தரநிலை இல்லையெனில், ஒரு மாணவர் எல்லாக் கூற்றுகளுக்கும் நடுநிலை விடையே தந்தால் கிடைக்கும் மதிப்பெண் எவ்வளவு, குழுவின் சராசரி அதற்கு மேலா கீழா என்றாவது காட்டலாம். பல ஆய்வுகளுக்குப் பிரிப்பே தேவையில்லை. தேர்வுப் பதற்றத்துக்கும் அடைவுக்கும் உள்ள உறவை ஆராய்வோர், பதற்ற மதிப்பெண்ணைக் கூறுபோட்டு, பின் குழுக்களிடையே வேறுபாட்டைச் சோதிப்பது சுற்றுவழி. தொடர் மதிப்பெண்ணை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் தொடர்புக் கெழு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று ஜேக்கப் கோஹன் 1983 இல் காட்டினார். 0.30 என்னும் தொடர்பு 0.24 ஆகச் சுருங்கும். நூறு மாணவர் கொண்ட ஆய்வில் 99 விழுக்காட்டு உறுதி நிலையில் இது சான்றுடைமைக்கும் சான்றின்மைக்கும் மிக அருகில் நிற்கும் அளவு. மூன்றாகப் பிரித்தாலும் ஒரே குழுவினுள் விழுந்த மாணவரிடையே உள்ள வேறுபாடு முழுவதும் வீணாகிறது. 204 பேரை 'நடுத்தரம்' என்று ஒரே பெட்டியில் அடைத்தபின், அவர்களுள் மேல்விளிம்பில் நிற்பவரையும் கீழ்விளிம்பில் நிற்பவரையும் புள்ளியியல் வேறுபடுத்தி அறியாது. அதே 300 மாணவரின் இருவகை மதிப்பெண்களையும் பிரிக்காமல் ஒரு சிதறல் வரைபடத்தில் இட்டால் உறவு நேர்கோடா, வளைவா, ஓரிரு மாணவரின் விலகிய மதிப்பெண்ணால் விளைந்த தோற்றமா என்பது ஒரே பார்வையில் தெரியும். நாற்பது பக்க அட்டவணைகளில் அது தெரிவதில்லை.